கீழ் லயத்தின் காந்தப்புலம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று நோர்வூட் பக்கம். முழங்கால் வரை அட்டைக்கடி. சப்பாத்தைக் கழற்றியபோதுதான் இரத்தத்தைப் பார்த்தேன்.

வேலை என்னவோ ஒன்றுதான். காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். குறித்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் அங்கே எவ்வளவு என்று கருவி காட்டுவதைப் பதிந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். மலைநாடு முழுவதையும் இப்படி அளந்து, கணினியில் மாதிரி செய்து, படம் வரையப் போகிறோம். மண்ணுக்கடியில் எந்தப் பாறை எப்படி மடிந்து கிடக்கிறது என்று அந்தப் படம் காட்டும் என்று எங்கள் பல்கலைக்கழகச் சேர் எல்லோரிடமும் சொல்கிறார். நானும் அப்படியே ஒப்பிக்கிறேன். கருவி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய இரவல். ஜனவரியில் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் முடியுமா? முடியாது. மழை விடுவதாக இல்லை.

நவம்பர் 12

சூரியனிலிருந்து புயலாம். காந்தப்புலம் நிலையில்லாமல் ஆடுகிறது. அளந்தாலும் பிழைதான் என்று சேர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பகல் முழுவதும் தூங்கினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தையே நெருக்கமாக அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார் சேர். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட மேல் லயத்தில் அப்பாவும் நானும் இருக்கிறோம். கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் அண்ணன் சின்னராசா, அண்ணி, பிள்ளை. கீழ் லயத்துக்குக் கீழே ஆறு வரைக்கும் தேயிலைதான். அந்தச் சரிவு முழுவதும் நடந்தேன்.

அண்ணி எவர்சில்வர் தூக்கில் தேத்தண்ணி கொண்டு வந்தார். இரும்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது என்று தூரத்திலேயே நிறுத்தினேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கையும் கழற்றச் சொன்னேன். ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி என் பின்னாலேயே நடந்தார். லயத்துக்குக் கிட்டப் போகாமல் நான் திரும்பியதும் ஏன் என்று கேட்டார். கூரைத் தகரம் கருவியைக் குழப்பிவிடும், அதனால் லயங்களை எல்லாம் விட்டுவிடுவோம் என்றேன்.

“அப்ப எங்க வீடு ஒங்க படத்துல வராதா சுலா?”

“வராது அண்ணி.”

“நல்லதுதான். வந்தா அதுக்கும் சம்பளத்துல ஏதாச்சும் கழிச்சிருவாங்க.”

அண்ணனின் ஆறு வயது மகள் தனுஷிகா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி காந்தம் என்றால் நம்மை ஏன் ஒட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டாள். நல்ல கேள்வி. சேரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. கரண்ட் இல்லை. அண்ணன் ஆட்டோவோடு ஹட்டனில் மாட்டிக்கொண்டான், ரோட்டில் மண் விழுந்திருக்கிறது. போன் எடுத்து, அண்ணியையும் பிள்ளையையும் மேலே கூட்டி வரச் சொன்னான். பின்னேரம் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல், இந்த மழையில் எப்படித் தூக்கி வருவது, விடிந்ததும் வருகிறேன் என்றார் அண்ணி. சரி என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 28

கீழ் லயம் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

விடிகிற நேரம். லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். வெளியே ஓடினால், நேற்று வரைக்கும் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். மேலிருந்து ஆறு வரைக்கும் ஒரே மண். முன்பக்கக் காம்பராக்களில் இருந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் இல்லை. கையால் தோண்டினோம். மம்பட்டியால் தோண்டினோம். மண் திரும்பத் திரும்ப வந்து மூடியது.

அண்ணன் ஹட்டனிலிருந்து நடந்தே வந்தான். அப்பாவிடமிருந்து மம்பட்டியை வாங்கிக்கொண்டான்.

ஏன் சரி என்று சொன்னேன்? காய்ச்சல்தானே, முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே - இல்லை. இதை இப்போது எழுத மாட்டேன்.

டிசம்பர் 3, புதன்

ரோடு திறந்து இன்றுதான் இராணுவமும் மண் தோண்டும் பெக்கோ மெசினும் வந்தன. லயம் நின்ற இடத்தையே நாள் முழுக்கத் தோண்டினார்கள். அத்திவாரக் கல் வந்தது. வீடு ஒன்று கூட இல்லை. மண் எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எவ்வளவு தூரம்? யாருக்கும் தெரியாது. இந்தச் சரிவு முழுவதையும் தோண்ட முடியாது என்று மேஜர் சிங்களத்தில் என்னிடம் சொன்னார். மேலே மலையில் இன்னும் வெடிப்பு இருக்கிறதாம். தன் பிள்ளைகளை அதற்குக் கீழே அதிக நாள் நிறுத்த முடியாது என்றார். ‘பிள்ளைகள்’ என்றுதான் தன் சிப்பாய்களைச் சொன்னார்.

நாங்கள் இப்போது பாடசாலை மண்டபத்தில் இருக்கிறோம். எல்லோரும் ஒரே பாய் விரிப்பில்.

டிசம்பர் 4, வியாழன்

தகரம்! இவ்வளவு நாளும் எனக்கு எப்படித் தோன்றவில்லை? தகரம் கருவியைக் குழப்பும். குழப்பினால் தகரம் அங்கே இருக்கிறது. மண் வருவதற்கு முன்னால் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்ற அளவு என் கையில் இருக்கிறது. இப்போது மறுபடியும் அளந்து இரண்டையும் கழித்தால், மாறியிருக்கிற இடத்தில் கூரை இருக்கும். கூரை இருக்கிற இடத்தில் -

சேருக்குப் போன் எடுத்தேன். சேற்றில் கருவி விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். ஆனால், “கொண்டு போங்க மகள். நான் பார்த்துக்கொள்றன்” என்றார்.

டிசம்பர் 6, சனி

இடுப்பளவு சேற்றில் பலகை போட்டுப் போட்டு நடந்தேன். அண்ணன் பலகையைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டே வந்தான். நம் நாடு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், புதைந்த இரும்புக்கு மேலே எண் ஏறாது, இறங்கும். அதை மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். நான் நிற்கும்போதெல்லாம் “எறங்குதா?” என்று கேட்டான்.

பகலுக்கு மேல் ஓரிடத்தில் இறங்கியது. நன்றாகவே இறங்கியது. பெக்கோ வந்தது. தோண்டினால், தோட்டத்தின் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய். மண்ணோடு சுருண்டு வந்திருக்கிறது.

அண்ணன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

கூரை கிடைத்தது.

லயம் நின்ற இடத்திலிருந்து வெகு தூரம் கீழே, யாரும் தேட நினைத்திராத இடம். தகரம் கடதாசி மாதிரி மடிந்திருந்தது. அதற்கடியில் மீனம்மா அத்தை. பக்கத்துக் காம்பராவின் வயதான அண்ணன் தம்பி இருவர். எங்கள் ஆட்கள் இல்லை.

மீனம்மா அத்தையின் புருஷன் நல்லமுத்து மாமா சேற்றிலேயே உட்கார்ந்து அத்தையின் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கெடச்சிட்டா தாயி. எனக்குக் கெடச்சிட்டா” என்றார். சுற்றி நின்ற மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அது பொறாமை. பிணம் கிடைத்தவனைப் பார்த்துப் பொறாமை. எனக்கும் அதேதான் இருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

ஆற்றங்கரை வரைக்கும் அளந்துவிட்டேன். எங்கேயும் இறக்கம் இல்லை. பாடசாலைக்கு வந்து கணினியில் போட்டுக் கழித்துப் பார்த்தேன். கூரை கிடைத்த இடம் தெரிகிறது, குழாய் கிடந்த இடம் தெரிகிறது. மற்றதெல்லாம் தட்டை.

தட்டை என்றால் அங்கே ஒன்றும் இல்லை. கடைசிக் காம்பரா ஆற்றோடு போய்விட்டது. ஆற்றில் அன்றைக்கு இருந்த வெள்ளத்துக்கு -

அண்ணனிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவன் கேட்டான்:

“நீ நடக்கிற வரைக்கும் அவங்க தோண்டுவாங்கல்ல?”

“நடந்தாலும் ஒண்ணும் இல்லண்ணே.”

“அது ஒனக்கும் எனக்கும்தான தெரியும். நாளைக்கும் நட தங்கச்சி. ஏதாச்சும் ஒரு எடத்தக் காட்டு.”

டிசம்பர் 9, செவ்வாய்

காட்டினேன்.

எண் இறங்கவே இல்லை. ஆற்றுக்கு மேலே ஓரிடத்தில் நின்று, இங்கே என்று கையைத் தூக்கினேன். பெக்கோ வந்தது. சிப்பாய்கள் இறங்கினார்கள். எல்லோரும் தம்பி வயதுப் பையன்கள். மேலே மலையிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு வந்துகொண்டிருந்தது. ஒரு கல் ஒரு பையனின் தோளில் பட்டு அவன் சேற்றில் விழுந்தான். எழுந்து, என்னைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினான்.

மேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். கருவியின் திரையைப் பார்த்தார். மூன்று நாளாக என் கூடவே நிற்கிறவர், எண் எப்படி இறங்கும் என்று அவருக்கும் தெரியும். திட்டுவார் என்று நினைத்தேன். “நங்கி, தென் எத்தி” என்றார் மெதுவாக. தங்கச்சி, இனிப் போதும். நான் ஆம் என்றேன். அவர் விசில் ஊதினார். பையன்கள் மேலே ஏறினார்கள்.

அண்ணன் ஏறவில்லை. இருட்டுகிற வரைக்கும் தனியாகத் தோண்டினான். அப்பாவும் நல்லமுத்து மாமாவும் போய்த்தான் அழைத்து வந்தார்கள்.

டிசம்பர் 10

தேடுதல் நிறுத்தம். மண்ணில் சூடம் கொளுத்தினோம். ஈரத்தில் நிற்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

பல்கலைக்கழகம் போனேன். மண் சரிந்த பிறகு எடுத்த அளவுகளை மாதிரியில் சேர்க்க முடியாது என்றார் சேர். அது பாறையின் புலம் இல்லை, குலைந்த மண்ணின் புலம். சரிதான். நானே நீக்கினேன். முன்பு தகரத்துக்காக விட்ட இடம், இப்போது இதுவும் போய், கீழ் லயம் இருந்த இடத்துக்கு அளவே இல்லாமல் போனது. சுற்றியுள்ள இடங்களைக் கொண்டு மாதிரி அந்த இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொண்டது. கோடுகள் அங்கே அழகாக வளைந்து போகின்றன. எதுவும் நடக்காத இடம் மாதிரி.

படம் நன்றாக வந்திருக்கிறது என்றார் சேர். பிறகு அதைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் கோபமில்லை. யார் மேலும் இல்லை. சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன்.

ஜனவரி 9

கருவியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பியாகிவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பாடசாலை மண்டபத்தில் யாரும் பொங்கவில்லை. அண்ணன் காலையிலேயே சரிவுக்குப் போய்விட்டான். தினமும் போகிறான். இப்போது தோண்டுவதில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்டோ ஹட்டனில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இன்னும் நிற்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

பின்னேரம் தெரியாத நம்பரிலிருந்து போன். சிவசாமி என்று பேர் சொன்னார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டம். நல்லமுத்து மாமாவின் சொந்தக்காரர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்தாராம்.

“மண்ணுக்குள்ள பாக்கிற மெசினு ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்கம்மா. எங்க மக ஒருத்தி உள்ள இருக்கா. தேட வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டுந்தான் தோண்டுறேன்.”

மெசின் இல்லை, அனுப்பிவிட்டோம் என்றேன். மறுபடி எப்போது வரும் என்று கேட்டார். வராது என்றேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மகள் ஓ.எல். சோதனை எழுத இருந்தவள் என்றார். கணக்கு நன்றாக வரும் என்றார். மூச்சு வாங்கியது, தோண்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே பேசினார் போல.

வைத்த பிறகு அண்ணன் யாரென்று கேட்டான். சொன்னேன். கொத்மலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

“மெசினும் இல்லாம போய் என்னண்ணே செய்யிறது?”

“ஒண்ணும் செய்ய ஏலாது. அந்தாளு தனியா நிக்கிறாரில்ல.”

நாளை காலை போகிறோம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.