முன்கண்ணாடி இல்லாமல் போர்ட்டிக்சன் வரை

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை நீலாயில் பழைய கார்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தி ஒரு விழா நடத்தினார்கள். மருமகன் வற்புறுத்தி என்னையும் மகளையும் கூட்டிப் போனார். வெயில் ஏறிய திடலில் வரிசையாக நம் காலத்துக் கார்கள். ஒரு டட்சனின் கதவு திறந்து கிடந்தது. வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நின்ற இடத்திலேயே உங்கள் கையைத் தேடினேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப் போகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஆன்ட்டி, உள்ள உக்காந்து பாருங்க லா" என்றான் அந்தக் காரை வைத்திருந்த இளைஞன். "எல்லாம் ஒரிஜினல். அந்தக் காலத்துல ஆளுங்க காரைப் பொண்டாட்டி மாதிரி பாத்துக்கிட்டாங்க, தெரியுமா?"

மருமகன் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. பொண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று அவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி, என் புருசன், அந்த நீல டட்சனை வாங்கி வந்த நாளில் புக்கிட் பெலண்டோக்கில் நம் ரப்பர் தோட்டத்து லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், வாசலுக்கு வந்தது. பழைய கார்தான். ஆனால் நம் லயத்துக்கு அதுதான் முதல் கார். நீங்கள் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். பிறகு ஒவ்வொருவராக அவருடைய கூட்டாளிகளும் கார் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு காத்திருக்க வேண்டும். கார்கள் குளித்து முடித்த பிறகுதான் நமக்குத் தண்ணீர். பம்பரைத் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். டேஷ்போர்டுக்கு முடி முடியாக ஒரு துணி விரிப்பு, பின்கண்ணாடி ஓரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர், முன்கண்ணாடியில் பட்டையாக ஒரு ஸ்டிக்கர். புகைக்குழாயை மாற்றி வைத்துக்கொண்டு அவர்கள் கிளப்புகிற சத்தத்தில் தோட்டத்துக் கணக்கு பார்க்கிற கிராணி வீட்டு நாய் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தக் காரைப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் கண்ணாடியை இறக்கிவிட்டு லூக்குட் சாலையில் கடற்கரைக்குப் போவோம். பின்சீட்டில் நீங்கள், மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். ஓட்டும்போது உங்கள் தம்பி வேறு ஆளாக இருப்பார். பாட்டுப் பாடுவார். "காத்து வருதா?" என்று என்னைக் கேட்பார். அந்தக் காரை விட்டு இறங்காமலே வாழ்ந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்ததுண்டு.

இறங்கினால்தான் தொல்லை. செருப்பு மண்ணோடு ஏறினேன் என்று முதல் அடி. கதவை வேகமாகச் சாத்தினேன் என்று அடுத்தது. துணி காயப்போட்ட கயிறு அறுந்து ஈரப் புடவை பானெட்டில் விழுந்த அன்று என் முன்பல் ஒன்று உடைந்தது. நீங்கள் அப்போது கட்டிய புருசனை விட்டுத் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தீர்கள். பால் மரம் சீவிவிட்டு வந்து அடுப்படியில் படுத்துக்கொள்வீர்கள். அவர் வெளியே போனதும் என் முதுகில் மஞ்சளும் எண்ணெயும் தடவுவீர்கள். "அடிக்கிற கை ஒரு நாள் ஓயும்னு எங்கம்மா சொல்லும். பொய், புள்ள. அது ஓயாது" என்றீர்கள் ஒருமுறை. வேறு எதுவும் சொல்லவில்லை. தம்பி போடும் சோற்றைத் தின்கிற அக்கா என்ன சொல்ல முடியும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடத் திருவிழாவில் நடந்தது நினைவிருக்கிறதா? சுங்கை காடுட் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் கார்களில் வந்து, யார் கார் முந்தும் என்று இவர்களைச் சீண்டியது. செம்மண் சாலையில் பந்தயம் விட்டார்கள். முந்தியது யார் என்பதில் தகராறு. சாமி ஊர்வலம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் இரும்புக் கம்பியும் பாராங்கத்தியும் வெளியே வந்துவிட்டன. ஒருவனுடைய காது தொங்கிக்கொண்டிருந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். உங்கள் தம்பி சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். அது அவருடைய ரத்தம் இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் துணியை நனைத்து முதலில் பானெட்டில் தெறித்திருந்த ரத்தத் துளிகளைத் துடைத்தார். பிறகுதான் கையைக் கழுவினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அது நடந்தது.

மகளுக்கு அப்போது நான்கு வயது. அப்பாவின் காரில் ஒரு பூ வரைய வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. ஒரு கூழாங்கல்லை எடுத்து டிரைவர் பக்கத்துக் கதவில் அழகாக ஐந்து இதழ் வைத்து வரைந்துவிட்டாள். "அப்பா, பூ!" என்று அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

அவர் கத்தவில்லை. உள்ளே வந்து, ஆணியில் மாட்டியிருந்த பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்தார். முதல் அடி பிள்ளையின் தொடையில் விழுந்தது. அவளுக்கு அழக்கூடத் தெரியவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். நான் அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் என் முதுகில். பெல்ட்டின் பல் ரவிக்கையைக் கிழித்துக்கொண்டு சதைக்குள் இறங்கியது.

"நகரு! நகருடி! அவ கைய ஒடைச்சாத்தான் புத்தி வரும்!"

நகர்ந்தால் பிள்ளை செத்துவிடும் என்று நினைத்தேன். நகரவில்லை.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம். ஒரு பெரிய சட்டி நொறுங்கியது போல. அடி நின்றது. அதோடு உங்கள் குரல்.

"டேய்! இங்க வந்து பாரு!"

வாசலில் நீங்கள் மண்வெட்டியோடு நின்றீர்கள். முன்கண்ணாடி முழுதும் கற்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்து சீட்டெல்லாம் கிடந்தது. அவர் வருவதற்குள் பானெட்டில் இன்னொரு வெட்டு வெட்டினீர்கள்.

"அக்கா! அய்யோ அக்கா, வேணாம்! கார அடிக்காத!"

"ஏன், வலிக்குமா அதுக்கு?"

அவர் பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். அதன் காம்பாலேயே உங்களை அடித்தார். தலைக்கு வந்த அடிக்கு நீங்கள் வலது கையைக் கொடுத்தீர்கள். காய்ந்த மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. நீங்கள் பானெட்டின்மேல் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். முகம் சாம்பலாகிவிட்டது. தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மண்வெட்டியைக் கீழே போட்டார்.

நான் அதை எடுத்தேன், அண்ணி. அவரைத்தான் வெட்டப் போகிறேன் என்று லயமே நினைத்தது. நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் கை காருக்குத்தான் போனது. இரண்டு விளக்கையும் உடைத்தேன். பிள்ளை பூ வரைந்த கதவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் கதவிலும் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகில் ரத்தம் வழிவது தெரிந்தது. அது எனக்கு இனித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததே இல்லை. அவர் தடுக்கவில்லை. மண்ணில் மண்டியிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். என் பல் உடைந்த அன்று அழாத மனுசன்.

கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். "அடப்பாவமே, இந்த மாடலுக்கு கிளாஸ் கெடைக்காதே லா" என்றான் ஒருவன். இன்னொருவன் கதவின் காயத்தைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவினான். உங்கள் கை முழங்கைக்குக் கீழே வேறொரு பக்கம் திரும்பிக் கிடந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள். "டேய் தம்பி, சாவிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

ஏனோ தெரியவில்லை, அவர் எழுந்து வந்தார். சீட்டிலிருந்த கண்ணாடித் தூளைச் சாக்கால் தள்ளிவிட்டு அந்தக் காரையே எடுத்தார். நீங்கள் முன்னால், நானும் மகளும் பின்னால். முன்கண்ணாடி இல்லாமல் போர்ட்டிக்சன் வரை. காற்று அறைந்தது. பூச்சிகள் வந்து முகத்தில் மோதின. சாவியைத் திருப்பியதுமே டேப் தானாகப் பாடத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எதிரே வந்த லோரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார்கள்.

லூக்குட் தாண்டியதும் உங்கள் தம்பி கேட்டார். "ஏன்க்கா இப்படிப் பண்ண?"

"எனக்குக் கையி வலிக்குது. ஒனக்கு எங்க வலிக்குது, சொல்லு."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நீங்களே, "மெதுவா ஓட்டு, கண்ணுல பூச்சி விழுது" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் மலாய்க்காரத் தாதி உங்கள் கையைப் பார்த்ததும் "ஜாத்து கா?" என்று கேட்டார், விழுந்துவிட்டாயா என்று. நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"புக்கான் ஜாத்து. அடெக் சாயா புக்குல்." விழவில்லை, என் தம்பி அடித்தான்.

அதோடு விடவில்லை. நல்ல கையால் என்னைத் திருப்பி, முதுகைக் காட்டினீர்கள். பிறகு பிள்ளையின் பாவாடையை விலக்கித் தொடையைக் காட்டினீர்கள். தாதி வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் சாவியோடு நின்ற உங்கள் தம்பியின் முகத்தை நான் அன்றைக்குத்தான் பயமில்லாமல் பார்த்தேன்.

போலீஸ் வந்தது. சில நாள் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். கூடப் பிறந்தவனையே பிடித்துக் கொடுத்தவள் என்று தோட்டமே உங்களைத் தூற்றியது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நம் வீட்டுக்கே வந்து, "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றார். கட்டுப் போட்ட கையோடு நீங்கள் எழுந்து நின்று, "ஒம்பொண்ண ஒரு மாசம் இந்த வீட்டுல விட்டுப் பாரு. அப்புறம் வந்து கேளு" என்றீர்கள். அவர் போய்விட்டார். அந்த வாரமே நாம் மூன்று பேரும் சுங்கை காடுட்டுக்குப் போய், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தோம். உங்கள் கை வளைந்தே கூடியது. அந்தக் கையோடுதான் நீங்கள் தொழிற்சாலையில் பெட்டி கட்டினீர்கள், சமைத்தீர்கள், என் மகளுக்குத் தலை பின்னினீர்கள்.

அவர் வந்தார். எங்கிருந்தோ கண்ணாடி தேடி மாட்டி, புதிதாக நீலம் அடித்து, நம் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் எழுந்தேன். என்னைத் தாண்டிப் போய் நீங்கள் சன்னலைத் திறந்தீர்கள்.

"இதுல வராத. நடந்து வா. நடந்து வந்தியன்னா கதவத் தொறக்கறேன்."

பலமுறை வந்தார். ஒருமுறைகூட நடந்து வரவில்லை.

குடித்து ஈரல் கெட்டு அவர் செத்தபோது நான் போகவில்லை. நீங்கள் போனீர்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதீர்களாம். அந்த வளைந்த கையால்தான் வாய்க்கரிசி போட்டீர்களாம். அதைக் கேட்டு அன்று உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

திடலில் அந்த இளைஞன் மறுபடியும் கூப்பிட்டான். போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மகள் வெளியே நின்று, "போதும்மா, வாங்க" என்றாள். அவளுக்கு அன்றைய நாளில் மின்னுகிற கண்ணாடித் தூள் மட்டும்தான் நினைவிருக்கிறதாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். லூக்குட் சாலைக் காற்றும் உங்கள் புளிச்சோறும் நினைவுக்கு வந்தன. கண்ணீரும் வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் அலறினாள். தெருவில் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். "அத்தை, நமக்கெதுக்கு?" என்றார் மருமகன். அதற்குள் என் கால் செருப்பைத் தேடிவிட்டது. போய் அந்த வீட்டு இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் உலுக்கினேன். அவள் புருசன் வெளியே வந்து, "ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று உறுமினான். கேட்டை நான் விடவில்லை, அண்ணி. என் வாயிலிருந்து வந்தது உங்கள் குரல்.

"அவள வெளிய விடு. விடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

விட்டான்.