மாறும் முகவரிகளும் மச்சினனும்

மார்ச் 4
வானியல் சங்கத்தின் மின்னஞ்சல் கணினியை என் பொறுப்பில் விட்டதே தவறோ? நாங்கள் வானம் பார்ப்பவர்கள். வந்து குவிவதெல்லாம் வழுக்கை மருந்து விளம்பரக் குப்பை. செயலாளர் அம்மா சிரித்தபடி கேட்டார்: "சார், கிரகணத் தேதியத் தேடி எடுக்கறதுக்குள்ள கிரகணமே முடிஞ்சிடும் போலிருக்கே?"

மாலையில் துணிந்து, என் சங்க முகவரியிலிருந்தே மச்சினனுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன்: தனியாக இருந்தது போதும், எங்கள் மாடியறைக்கு வந்துவிடு. அவனும் என்னைப் போலக் கணினிப் பித்தன்; வீட்டு அலமாரியில் சொந்த அஞ்சல் கணினி வைத்திருக்கிறான்.

"இத போன்ல சொன்னா ஆகாதா?" என்றாள் மனைவி. போனில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 5
வழி கண்டேன். வீட்டு இணைப்புகளின் இணைய முகவரி அடிக்கடி மாறும். கிருமி புகுந்த வீட்டுக் கணினிகள்தாம் குப்பையை நேரடியாகக் கொட்டுகின்றன. ஒழுங்கான அஞ்சல் நிலையான முகவரியிலிருந்து வரும். ஆகவே, மாறும் முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலுக்குத் தடை. திருப்பி அனுப்பும்போது சொல்ல ஒரு வரியும் எழுதினேன்: "ஏற்பதற்கில்லை. மன்னிக்கவும்." முரட்டுத்தனமாக இல்லையே?

மார்ச் 7
குப்பை அநேகமாக நின்றுவிட்டது! "சார், கையக் குடுங்க!" என்றார் செயலாளர் அம்மா. கொடுத்தேன். வியர்த்திருந்தது.

மார்ச் 12
மச்சினனிடமிருந்து பதிலில்லை. அதிகப்பிரசங்கித்தனமாகிவிட்டதோ?

மார்ச் 15
"என் தம்பி கோவிச்சுக்கற ஆளில்ல. போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. நாளை.

மார்ச் 16
நாளை.

மார்ச் 17
மனைவியே எண்ணை அழுத்தி என் காதில் வைத்துவிட்டாள்.

"வரேன்னு ரெண்டு வாட்டி எழுதினேன் அத்தான். ரெண்டு வாட்டியும் 'ஏற்பதற்கில்லை, மன்னிக்கவும்'னு திரும்பிடுச்சு. அக்காவுக்கு இஷ்டமில்ல, பாவம் அத்தான் சொல்ல முடியாம தவிக்கறார்னு விட்டுட்டேன்."

ஐயோ — அலமாரிக் கணினி — வீட்டு இணைப்பு — மாறும் முகவரி! எத்தனை சோதனை செய்தேன், இது தோன்றவில்லையே, மண்டு! மூச்சுவிடாமல் விளக்கினேன். நாக்கு ஒட்டவேயில்லை. அவன் சிரித்த சிரிப்பு அடுக்களைவரை கேட்டது.

"வான்னு கூப்பிட்டுட்டுக் கதவத் தாழ்ப்பாள் போட்டுட்டீங்களே!" என்றாள் அவள்.

ஏப்ரல் 2
தடையை எடுக்கவில்லை. மச்சினனின் கணினி இப்போது எங்கள் மாடியறையில் ஓடுகிறது. அதன் அஞ்சல், செயலாளர் அம்மாவின் அனுமதியோடு, கடவுச்சொல் சொல்லிச் சங்கக் கணினி வழியாகப் போகிறது. முதல் அஞ்சல் எனக்கே: "அத்தான், காபி உண்டா?"

பதில் அடிக்க உட்கார்ந்தேன். பிறகு எழுந்துபோய் மாடிப்படியடியில் நின்று கத்தினேன்: "இறங்கி வாடா!"