எல்லைக் கல் நடும் நாள்

இன்று காலை மருமகள் காபியில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டாள். டீ என்று நினைத்தாளாம். வேறொரு நாளாக இருந்தால் முணுமுணுத்திருப்பேன். ஒரு வாய் குடித்ததும், திருப்பதி கல்லூரி விடுதி அறையில் நீ ஏலக்காய் தட்டிப் போட்ட காபியைக் கொதிக்கவிட்டு ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்திருந்தது கண்ணில் நின்றது. "காபியைப் பாயசமாக்கிட்டான்டா பாலஸ்தீனக்காரன்" என்று கேலி செய்வோம். நீ சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் நீட்டுவாய். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு பொங்கலுக்கு உன்னை நாகலாபுரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். என் நைனா உன் இலையில் வடையை அடுக்கி, "வெக்கப்படாத, துன்னுப்பா" என்றார். பிறகு விசாரணையைத் தொடங்கினார். ஆந்திரா பிரிந்தபோது எங்கள் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திரா பக்கமே நின்றுவிட்டது. அன்றிலிருந்து உலகத்தில் எங்கே எல்லைத் தகராறு என்றாலும் அவரிடம் மருந்து தயார்.

"உங்க ஊரு எந்தத் தாலுக்கா? கிராமம் கிராமமா ஆளுங்கள எண்ணிக் காட்டுங்க. கமிஷன் வரும். எந்த பாஷை ஜாஸ்தியோ அந்தப் பக்கம் உட்டுருவாங்க. நாங்க அப்பிடித்தான் கேட்டோம்."

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நீ கவனமாகக் கேட்டாய். கோடு மாறியபோது அவரை வீட்டைவிட்டுத் துரத்தினார்களா என்று கேட்கச் சொன்னாய்.

"எதுக்குத் தொரத்தறாங்க? நான் பாட்டுக்கு அதே கொல்லியில ஏர் ஓட்டிக்கினு இருந்தேன்."

அதன்பிறகு நீ என்னை விட்டுவிட்டு, விடுதியில் கற்ற தமிழில் நேராக அவரிடமே பேசினாய். "நைனா, எங்க தாத்தா வீட்ல வேற ஆளு இருக்காங்க. நான் பொறந்தது லெபனான்ல, அகதி முகாம்ல. எங்கள யாரும் கேக்கல."

"ஓட்டு கீதா உனுக்கு?"

"லேது நைனா. எங்கயும் லேது."

நைனாவின் முகம் வாடிவிட்டது. "கேட்டது கெடைக்கலன்னாலும் எங்களுக்கு ஓட்டு இருந்திச்சி. தெரியாம உளறிக்கினு கீறேன்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைத் தேற்றுவதற்காக நீ, "நாடு வந்ததும் கூப்பிடறேன். எல்லைக் கல் நடும்போது நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பல வருஷம் கழித்து, உங்கள் ஊர்கள் சிலவற்றுக்குச் சுயாட்சி என்று ரேடியோ சொன்னபோது, "கூப்ட்டானா?" என்று கேட்டார். பெய்ரூட்டிலிருந்து நீ போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். எல்லையும் தண்ணீரும் வானமும் இன்னும் உங்களைத் துரத்தியவர்கள் கையில்தான், முகாமில் இருப்பவர்களுக்கு அந்தச் சுயாட்சிகூட இல்லை. நைனா ரேடியோவை அணைத்துவிட்டார். ஆனால் சாகும்வரை கேட்பதை விடவில்லை.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். உன்னை முகாமுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்களாம். உன் தாத்தாவின் ஊரில் ஒரு நாள்கூட நீ நிற்கவில்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

எனக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. பெங்களூரைத் தாண்டிப் போனதும் இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விடுவதில்லை. போன வாரம்கூடப் புதுப்பித்து வந்தேன். "இந்த வயசுல எங்க போவப்போற நைனா?" என்று மகன் சிரித்தான். அடுத்த நாள் அவனையும் பாஸ்போர்ட் எடுக்க வைத்தேன். உன் மகளிடம் சொல்லிவிட்டேன்: "எப்போது கூப்பிட்டாலும் சரி அம்மா, எங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும்."