கைதட்டாத ரோபோ

ஜனவரி 15, செவ்வாய்

பாட்டு வந்துவிட்டது, ட்ராமில் நின்றுகொண்டிருக்கும்போது. பாட்டில் வரும் மூன்றாம் நிலாவில் ரோபோக்களுக்கு ஒரே வேலைதான்: ஆளுநர் கடந்துபோகும்போதெல்லாம் கைதட்டுவது. ஒருநாள் காலை ஒரு ரோபோ கையைத் தூக்குகிறது, தட்டவில்லை. பக்கத்து ரோபோவும் தட்டவில்லை. பல்லவி: ‘இன்று என் கைகள் தட்டாது.’ நானா எழுதினேன் என்று கர்வமாக இருக்கிறது. இருக்கட்டுமே, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?

ஜனவரி 18, வெள்ளி

கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும் பாடிக்காட்டினேன். அண்ணன் ஜவாத் போலீஸ் இல்லையா, உடனே விசாரணை. “தட்டலைன்னா பேட்டரி தீர்ந்திருக்கும்” என்றான்.

“உன் வாய்க்கு எப்பதான் தீருமோ, சாப்பிடு” என்றாள் அம்மா.

ஜனவரி 23, புதன்

டிவியிலிருந்து கூப்பிட்டார்கள்! சனிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி. காசாப்ளாங்கா என்ன, நாடே பார்க்கும். என்னோடு கிதார் வாசிக்கும் அன்வர் தெருவிலேயே ஆடினான்.

ஜனவரி 24, வியாழன்

தயாரிப்பாளர் புதினா டீ ஊற்றிக் கொடுத்தார். “நிலா இருக்கட்டும், ராக்கெட் இருக்கட்டும். கடைசியில ரோபோ மட்டும் கைதட்டிடட்டும் மகளே. குடும்பத்தோட பாக்குறாங்க.”

“யோசிச்சுச் சொல்றோம்” என்றான் அன்வர்.

“தட்டாதுங்க” என்றேன் நான்.

ட்ராமில் சேர்ந்துதான் திரும்பினோம். இறங்கும்போது அன்வர் சொன்னான்: “ஆறு வருஷமா கல்யாண வீடுகள்ல வாசிச்சதே இதுக்குத்தான், கிஸ்லான். ஒத்த வரிக்காகக் கெடுத்துட்ட.”

அந்த ஒத்த வரிதானே பாட்டு? அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு — தகரமா? அழுதேன். ஆனா அன்வருக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

ஜனவரி 26, சனி

எங்கள் இடத்தில் யாரோ ஒருவன் காதல் பாட்டு பாடினான். நன்றாகவே பாடினான், அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 2, சனி

அன்வர் சூடான ரொட்டியும் தேனும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். சமாதானமாம். பாட்டை அவனே இணையத்தில் போட்டுவிட்டான், ஒரு எழுத்துகூட மாற்றாமல். “ஸ்டேடியத்துல மேளம் அடிக்கிற பசங்க கேட்டாங்க, பாடிக்கிறோம்னு. பாடிக்கோங்கன்னுட்டேன்.”

ரொட்டி முழுவதையும் நானே தின்றேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று கால்பந்து மைதானத்தில் ஜவாத்துக்குக் காவல். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது எதையோ முணுமுணுத்தான். என் பல்லவி!

“எங்க கேட்ட?”

“ஆட்டத்துக்கு முதுகக் காட்டிட்டு, கூட்டத்தப் பாத்துத்தான நிக்கிறோம். பெரிய மனுஷன் ஒருத்தர் வந்து உக்காந்தார். மொத்தக் கூட்டமும் கையத் தூக்குச்சு. ஒருத்தன்கூடத் தட்டல. பாடுறானுங்க, என் மூஞ்சியப் பாத்து.”

‘இன்று’ என்ற இடத்தில் ‘இனி’ என்று பாடினார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னுடையதைவிட நன்றாக வேறு இருக்கிறது, பாவிகள்.

அம்மா சூப் பானையோடு வந்தாள். “உங்களத் தட்டச் சொல்லலையா?”

“சொன்னாங்க.”

“தட்டினியா?”

“ஒரு கையில தடி, ஒரு கையில கேடயம்.”

“கீழ வச்சிட்டுத் தட்டவேண்டியதுதானே?” என்றேன்.

ஜவாத் பூட்ஸை வாசலோரம் ஒழுங்காக வைத்தான்.

“வச்சிருக்கலாம்” என்றான்.

அம்மா அவனுக்கு ஓர் அகப்பை சூப் கூடுதலாக ஊற்றினாள்.