பத்தாவது விண்ணப்பம்

மே 6, செவ்வாய்

கோடைப் பருவத்தில் நான் எடுப்பதாக இருந்த தாம்பரம் வட்டார வரலாற்று வகுப்பை இன்று நான்கு மணிக்கு ரத்து செய்துவிட்டார்கள். குறைந்தது பத்து பேராவது சேர வேண்டும். சேர்ந்தது ஒன்பது பேர். "பத்துன்னா பத்துதான் மேடம். ஒன்பதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்றார் துறைத்தலைவர். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

பத்தாவது விண்ணப்பம் நேற்றே என் மேஜைக்கு வந்தது. மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிரகாஷ் கொடுத்தான். ஏன் இந்தப் பாடம் என்ற கேள்விக்கு, 'சாயங்காலம் நடக்கிறது இது ஒண்ணுதான்' என்று ஒரே வரி எழுதியிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். இன்று நான்கு மணியோடு பதிவு முடிகிறது என்று சொல்லத் தோன்றவில்லை.

ஐந்தரைக்கு வந்தான், கம்பெனி யூனிஃபார்மோடு. பக்கம் முழுக்க எழுதியிருந்தான். இரும்புலியூரில் அவர்கள் வீடு இருக்கும் இடம் முன்பு ஏரியாம். ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதாம். ஏரியை மனை போட்டது யார், எப்போது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

"இப்போ ஓகேவா மேடம்? ரெண்டு மாசம் ஓவர்டைம் வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வகுப்பு இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.