காலணியைக் கழற்றிப் பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வழக்கறிஞர் மற்றும் நோட்டரி,
மாடி அறை, நீதிமன்றச் சாலை.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
படைவீரர் பயிற்சி முகாம்.

பொருள்: பயிற்சி வீரர் ஒருவரின் பாதப் புண் – நெடுநடைக்கு முன் அனைவரின் கால்களையும் பரிசோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் முகாமில் பயிலும் ஒருவருக்கு நான் தாய்மாமன். பெயரை வெளியிடுவதில்லை என்று அவருக்கு வாக்களித்துள்ளேன். அவர் ஆணா பெண்ணா என்பதையும் அதனாலேயே தவிர்க்கிறேன். மொட்டைக் கடிதம் என்று தாங்கள் ஒதுக்கிவிடலாகாது என்பதால் என் அலுவலக முத்திரையுடன் எழுதுகிறேன்.

2. முகாமின் பொழுதுபோக்கு அறையில் மாலைதோறும் ஓர் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்க்கிறார்கள். அதன் நாயகர்கள் ஆய்வுக்கூடத்தில் உருவான எஃகு வீரர்கள். ஒருவன் தோளில் பாய்ந்த இரும்புத் துண்டைத் தானே பிடுங்கி எறிகிறான்; அடுத்த காட்சியில் அதே கையால் கதவை உடைக்கிறான். தொடரைத் தடை செய்யக் கோரவில்லை. நானும் என் தங்கையும் அதை விரும்பியே பார்த்தோம். ஆனால் அவ்விரு காட்சிகளுக்கும் நடுவே அவன் எங்கே படுத்திருந்தான், யார் கட்டு மாற்றினார், சீழ் பிடித்ததா என்பதை அத்தொடர் காட்டுவதேயில்லை.

3. காலை அணிவகுப்பில் உடல்நலமற்றோர் ஓரடி முன்னே வர வேண்டும் என்பது தங்கள் முகாம் நடைமுறை. அப்படி வருபவருக்கு இப்போது 'தகர டப்பா' என்று பெயராம். அவர் கூறியதை மாற்றாமல் தருகிறேன்: "ஒரு அடி முன்னால வச்சா போதும் மாமா, மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தட்டித் தட்டியே வரவேற்பாங்க. பேசாம நிக்கறதே மேல்."

4. சென்ற விடுப்பில் வந்தபோது அவர் காலுறை குதிகாலோடு ஒட்டியிருந்தது. தங்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிரித்தாள். காலணிக்குள் துருத்திய ஆணி குத்திய புண், சுற்றிலும் கருத்திருந்தது. அவள் அழ, அவர் சிரித்தார்: "முதல்ல உயிர் போச்சும்மா. இப்போ கொஞ்சம்கூட வலிக்கல. நானும் எஃகு ஆயிட்டேன் பாரு!"

5. எங்கள் குடும்ப மருத்துவர் ஊசிமுனையால் அப்பாதத்தைத் தொட்டார். தொட்டது பயிற்சி வீரருக்குத் தெரியவேயில்லை. வலி நின்றதுதான் தமக்குக் கவலையளிக்கிறது என்றும், உணர்ச்சி மரத்துள்ளது, காலை ஊன்றவே கூடாது, தாமதித்தால் பாதத்தையே இழக்க நேரும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். அவர் தந்த சான்றை நானே பயணப்பையில் வைத்தேன். பிள்ளை கிளம்பிய பின் அது எங்கள் செருப்பு அலமாரியில் கிடந்தது.

6. அவர் வயது வந்தவர். தடுத்து நிறுத்த எனக்குச் சட்டப்படி உரிமையில்லை, தங்களுக்கு உண்டு. திங்களன்று நெடுநடை என்று அறிகிறேன். பிள்ளை என்று மேலே எழுதிவிட்டதை மன்னிக்கவும். அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

7. ஆகவே நான் வேண்டுவது: எவரையும் முன்னே அழைக்காமல், அணி முழுவதையும் ஒரே நேரத்தில் அமரச் செய்து, அனைவரின் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றச் சொல்லி, முகாம் மருத்துவர் ஒவ்வொரு பாதத்தையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிக்க ஆணையிட வேண்டும். இம்மனுவை நேரில் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பயிற்சி வீரர் கண்ணில் படாதபடி எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் காத்திருக்கிறேன்.

8. தயவுகூர்ந்து, வலிக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம். அவர் இல்லை என்பார். அது பொய்யாகவும் இராது.

இடம்: முகாம் வாயில்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம், முத்திரை)
வழக்கறிஞர், ஒரு பயிற்சி வீரரின் தாய்மாமன்