மைனஸ் மூன்று

ஜூலை 6, ஞாயிறு

கெர்லிங் ஊர்க் கல்யாணக் கச்சேரிக்குக் கொண்டுபோன சாமான்களை இன்று காலை புவனேசன் அண்ணன் வீட்டில் இறக்கினோம். கடைசி ஸ்பீக்கர் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். பதினோரு வருடம் அவர் குழுவில் ஜோடிப் பாட்டு பாடியாயிற்று, இனி தனியாகப் பாடப் போகிறேன் என்று.

வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "உன் குரலு கொஞ்சம் கனம், உஷா. நான் பக்கத்துல பாடுறதால தெரியல. தனியா நின்னா தெரியும் லா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. அக்கறையாகச் சொன்னார். அதுதான் காதிலேயே நிற்கிறது.

ஜூலை 9, புதன்

நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டரில் ஒரே ஆளை இரண்டு தடவை கூப்பிட்டேன். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகப் பார்த்தார்.

"வேலைதான் இருக்கே, அப்புறம் என்னாடி பயம்?" என்கிறாள் அம்மா. அண்ணன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? அதுதான் பயம்.

ஜூலை 13, ஞாயிறு

தனியாக ஒரு பாட்டுப் பதிவு செய்யக் கோலசிலாங்கூர் போனேன், ஃபாரூக்கின் பதிவு அறைக்கு. அவன் அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. கீழே மீ கோரெங் கிண்டும் சத்தம் நின்றால்தான் பதிவு.

"உங்க ஸ்கேல் என்னாக்கா?"

பாட்டு நோட்டைத் திறந்து காட்டினேன். எல்லாப் பாட்டுக்கும் மேலே என் கையெழுத்தில் மைனஸ் 3. புவனேசன் அண்ணனுக்கு மேலே எட்டாது. அதனால் கீபோர்டு பாலன் அண்ணன் எந்தப் பாட்டையும் சுருதியில் மூன்று படி இறக்கித்தான் வாசிப்பார்.

"இது அவரு ஸ்கேல்க்கா. உங்களுது?"

ஜூலை 14, திங்கள்

முப்பத்து நாலு வயதாகிறது. என் ஸ்கேல் எனக்குத் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

ஃபாரூக் ஒவ்வொன்றாக ஏற்றினான். மைனஸ் ஒன்றிலேயே மேலே போகும்போது குரல் உடைந்தது. மறுபடியும் உடைந்தது. போச்சு, அண்ணன் சொன்னது சரிதான் என்று நோட்டை மூடினேன்.

"தள்ளாதீங்கக்கா. சும்மா விடுங்க."

விட்டேன். ப்ளஸ் ஒன்றில் வந்து நின்றது. போட்டுக் காட்டினான். மெல்லிசாக, யாரோ சின்னப் பெண் பாடுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இதுவா நான்? அப்படியென்றால் இத்தனை வருடம் பாடினது யார்?

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கீழே சாப்பிட வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

புக்கிட் ரோத்தான் கோயில் ஆடித் திருவிழாவில், வரும் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஒரு மணி நேரம் நான் மட்டும் பாட வேண்டும். கமிட்டி கார்த்திகேசு மாமா கேட்டார், சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

சோறு இறங்கவில்லை. யாரும் வராவிட்டால்? வந்துவிட்டால்?

ஆகஸ்ட் 9, சனி

கோயில் மேடையில் கீபோர்டுக்குப் பாலன் அண்ணனைத்தான் கூப்பிட்டிருந்தேன். உட்கார்ந்ததும் அவர் விரல் தானாக மைனஸ் மூன்றுக்குப் போனது.

"ப்ளஸ் ஒண்ணுண்ணே."

"யாருக்கு?"

"எனக்கு."

ஒரு பார்வை பார்த்தார், வைத்தார். முதல் பாட்டை அவசரமாக ஓட்டிவிட்டேன், இரண்டாவதில் ஒரு வரியே மறந்துவிட்டது. மூன்றாவதில் மேலே போக வேண்டிய இடம் வந்தது. போனேன். உடையவில்லை. கார்த்திகேசு மாமா பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தட்டு சோறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புவனேசன் அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நான் விலகிய பிறகு இதுதான் முதல் தடவை.

"உஷா, புதுசா வந்திருக்கிற பொண்ணுக்குக் கீழ குரலே வர மாட்டேங்குதும்மா. நீ எப்படித்தான் இத்தன வருஷம் பாடுன?"

மூன்று தடவை கேட்டேன். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார். கோபம் வந்தது. என்னென்னவோ எழுதி, எழுதி அழித்தேன். கடைசியில் ஒரே வரி அனுப்பினேன்.

"அந்தப் பொண்ணு ஸ்கேல் என்னான்னு கேட்டீங்களாண்ணே?"

நீல டிக் விழுந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"கேக்கலம்மா."

பதினோரு வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.